கொள்ளிடம் பாலம் வரைக்கும்

உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மரக்காணத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவள் நான். ஒவ்வொரு ஆகஸ்டு கடைசியிலும் இதே கூத்துதான். தலைமையாசிரியைக்கும் தெரியும். திரும்பி வந்ததும் என் பாதத்தைக் குனிந்து பார்த்து, "டீச்சருக்கு இந்த வருஷமும் ஜுரம் காலுக்கு எறங்கிடுச்சா?" என்பார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நொண்டிக்கொண்டே வகுப்புக்குப் போவேன்.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து போவது பெரிய கூட்டம் இல்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், இரண்டு மளிகைக் கடைக்காரர்கள், என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள் என்று முப்பது பேர் தேறினால் அதிகம். காவி உடுத்தி, கழுத்தில் ஜெபமாலை போட்டுக்கொண்டு, மூன்று சக்கர வண்டியில் மாதா சப்பரத்தை வைத்து முறை போட்டுத் தள்ளிக்கொண்டு போவோம். சமையல் சாமானும் படுக்கையும் பின்னால் வேனில் வரும். குழுத்தலைவர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். எதையும் தராசில் வைத்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. யார் எவ்வளவு நடந்தார்கள், யார் எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். நல்ல மனுஷன்தான், ஆனால் அவரோடு நடப்பதைவிடத் தனியாக நடப்பது காலுக்கு நல்லது.

2005ஆம் வருஷ நடை, கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு வந்த முதல் நடை. போகலாமா வேண்டாமா என்றே எங்களுக்குள் பேச்சு நடந்தது. அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக் கரையிலேயே எத்தனை பேர் போனார்கள். மாதா தன் வாசலில் நின்றவர்களையே பார்க்கவில்லையே, நம்மையா பார்க்கப் போகிறாள் என்று சிலர் வெளிப்படையாகவே கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உள்ளே இருந்தது. ஆனாலும் ஆகஸ்டு பிறந்ததும் கால் தானாகவே துறுதுறுத்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு எதுவும் பேசாமல் நின்றாள். அனுமந்தைக்குப் பக்கத்துக் குப்பம் அவளுக்கு. வாய் ஓயாதவள். மீனை ஒரு பேச்சு, விலையை ஒரு பேச்சு, புருஷனை நாலு பேச்சு பேசாமல் கத்தியைக் கையில் எடுக்க மாட்டாள். டிசம்பருக்குப் பிறகு நான்கு மாதம் அவள் வரவேயில்லை. பிறகு வந்தபோது மீன் இருந்தது, பேச்சு இல்லை. முன்பெல்லாம் அவள் பின்னாலேயே அவளுடைய சின்னப் பையன் வருவான். அம்மா மீன் வெட்டும் வரைக்கும் எங்கள் வீட்டு கேட்டில் ஏறித் தொங்கி முன்னும் பின்னும் ஆடுவான். கீல் போயிடும், இறங்குடா என்று நான் கத்தாத நாள் கிடையாது. அவனைத்தான் கடல் கொண்டுபோயிருந்தது.

"டீச்சர், எங்க வூட்டுக்காரரு இந்த வருஷம் ஒங்ககூட நடக்கறேன்றாரு" என்றாள்.

"வரட்டுமே. அதுக்கு ஏன் இவ்ளோ யோசனை?"

"பாதிதான் நடப்பாராம்."

எனக்குப் புரியவில்லை. அவள் திண்டாடித் திண்டாடிச் சொன்னாள். கடல் வந்த அன்று காலை அவள் புருஷன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். மூன்றாவது படிக்கிற பெண்ணும் ஐந்து வயதுப் பையனும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எழும்பி வந்ததைப் பார்த்ததும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு ஓடினான். இடுப்பளவு ஏறிக் கால் தரையை விட்டபோது, "வேளாங்கண்ணித் தாயே, ரெண்டு புள்ளையையும் குடுத்துடு, ஒங்கோயிலுக்கு நடந்தே வரேன்" என்று கத்தினான். அவர்கள் எங்களைப் போல வேதக்காரர்கள் இல்லை. ஆனால் அந்தக் கரையில் ஆபத்து என்றால் வாயில் வருகிற நாலைந்து தெய்வங்களில் வேளாங்கண்ணி மாதாவும் ஒருத்தி. தண்ணீர் அவனைக் கொண்டுபோய்த் தென்னைமரத்தில் மோதியது. வலது கையில் பெண் இருந்தாள். இடது கையில் பையன் இல்லை. அவன் உடம்பும் எந்தக் கரையிலும் கிடைக்கவில்லை.

"ரெண்டு கேட்டேன், ஒண்ணு குடுத்தா, அதனால பாதி நடக்கறேன்னு சொல்றாரு டீச்சர். கடலுக்கும் போறதில்ல. புள்ளைக்கு ஒரு படையல் போடவும் விடமாட்டேன்றாரு. வூட்ல ஒரு வெளக்கு வெக்க முடியல. நீங்கதான் எப்படியாச்சும் பேசி அவரை முழுசா கூட்டிட்டுப் போயிடணும். முடிச்சுட்டு வந்தாத்தான் எங்க வூடு ஒரு நெலைக்கு வரும்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது? அதோடு, பேசியே ஆளைக் கரைத்துவிடலாம் என்ற நினைப்பும் எனக்கு உண்டு. வாத்தியார் வேலையில் இருபது வருஷம் இருந்தால் வருகிற வியாதி அது.

கோயில் வாசலில் இந்தச் செய்தியைச் சொன்னதும் குழுத்தலைவர் தாம்தூமென்று குதித்தார். "நேர்த்தி என்னா ரேஷன் அரிசியா டீச்சர், வந்த வரைக்கும் வாங்கிட்டுப் போறதுக்கு? உடம்பு முடியாம நடுவுல விட்டா, விட்ட எடத்துலேருந்து அப்புறமா நடந்து முடிக்கலாம். அது மொறை. பாதின்னு சொல்லிட்டே கெளம்பற ஆளை நான் பார்த்ததே இல்ல." ஃபாதரிடம் போனோம். கடவுள் கணக்குப் பார்ப்பதில்லை, மனசு இருந்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கட்டும் என்றார் அவர். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. கணக்கே பார்க்காத கடவுளிடம் எப்படி வேண்டிக்கொள்வது என்று தலைவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

விடியும் முன் கிளம்பினோம். உப்பளங்களைத் தாண்டி அனுமந்தைக்கு வந்தபோது நன்றாக வெளுத்திருந்தது. சாலையோரத்தில் காவி வேட்டியும் பழைய சட்டையுமாக அவன் நின்றான். பெண்ணைக் கையில் பிடித்தபடி அவன் மனைவி கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே, கவலைப்படாதே என்றேன். அவன் நேராகச் சப்பரத்துக்கு வந்து, தள்ளிக்கொண்டிருந்தவரை நகரச் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தான்.

நடையில் அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள் முறைக்குத் தள்ளினார்கள் என்றால் அவன் முறை பார்க்காமல் தள்ளினான். பாட்டு பாடினால் தெரிந்த வரிக்கு வாயசைத்தான். கிழவிகளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். ஆனால் எவ்வளவு தூரம் என்ற பேச்சு மட்டும் கொள்ளிடத்தில் நின்றது. கொள்ளிடம் தாண்டினால் பாதி தாண்டியது என்பது எங்கள் குழுவில் பழைய பேச்சு. அதை யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கொள்ளிடம் பாலம் என்று மனதில் ஆணி அடித்துக்கொண்டுவிட்டான்.

கோட்டக்குப்பத்தில் வருஷா வருஷம் எங்களுக்கு ரோஸ் மில்க் கொடுக்கிற ஒரு வீடு உண்டு. அந்த வீட்டு அம்மாவின் மகன் துபாயில் இருந்தான். முக்காட்டைச் சரிசெய்தபடி ஒரு கட்டு மெழுகுவத்தியைச் சப்பரத்தைப் பிடித்திருந்தவனிடம் நீட்டி, "தம்பி, மாதாகிட்ட ஏத்திட்டு எம்மவனுக்காகத் துவா பண்ணுங்க" என்றார். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "நான் பாதி வழிதாம்மா, டீச்சர்கிட்ட குடுங்க" என்றான். அந்த அம்மா விழித்தார். எனக்கு மானம் போனது போல இருந்தது. மெழுகுவத்தியை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன்.

பாண்டிச்சேரி தாண்டியதும் ஆரம்பித்தேன். முதலில் நைச்சியமாக. "ஏம்பா, இவ்ளோ தூரம் வந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் வர முடியாதா? எங்க கெழவிங்கல்லாம் வர்றாங்க." அவன் சிரித்தான். "கால் வலிக்கல டீச்சர்." பிறகு கொஞ்சம் பயம் காட்டினேன். உன் பெண்ணை நினைத்துப் பார், மாதாவிடம் அரைகுறையாக வைக்கக் கூடாது என்றேன். சொன்ன மறுகணமே எனக்கு நாக்கு கசந்தது. அவன் கோபப்படவில்லை. "பொண்ணுக்கு உண்டானத நடந்துட்டுதான் இருக்கேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னான்.

கடலூரில் மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தில் அவனைக் காணவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தார் கொதித்துக்கொண்டிருந்தது. "இங்கேருந்தே பஸ் ஏறிட்டான் போல, பாதி கூட இல்ல, கால்தான்" என்று தலைவர் பொரிந்து தள்ளினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். எங்கே போனாய் என்று தலைவர் அதட்டியதற்கு, "ஒரு எடத்துக்கு" என்று சொல்லிவிட்டுச் சப்பரத்தைப் பிடித்தான். அன்று சாயங்காலம் வரைக்கும் அதை யார் கையிலும் கொடுக்கவில்லை.

சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடம் பாலத்துக்கு வந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. ஆற்றில் ஒரு பக்கம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, மறுபக்கம் மணல். பாலம் ஏறும்போதே எங்கள் ஆட்கள் வழக்கம்போல "மரியே வாழ்க" என்று சத்தம் போட்டார்கள். பாதி முடிந்த சந்தோஷம் எல்லோருக்கும். பாலத்தின் நடுவுக்கு வந்ததும் அவன் சப்பரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். சப்பரத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"வாடா, கோயில் கோபுரம் தெரியற வரைக்குமாச்சும் வாடா" என்று தலைவர் கெஞ்சியேவிட்டார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான்.

அவன் அசையவில்லை. என் பொறுமை அறுந்தது. கூட்டத்தை முன்னே போகச் சொல்லிவிட்டு அவன் முன்னால் போய் நின்றேன். லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின.

"இன்னாப்பா நெனச்சிட்டிருக்கே நீ? மாதாகிட்ட பேரம் பேசறியா? இது இன்னா மீன் ஏலமா, நீ ஒண்ணு சொல்ல அவ ஒண்ணு சொல்ல? ஒன்ன மாதிரி எத்தன பேரு புள்ளைங்கள வாரிக் குடுத்துட்டு வந்து நடக்கறாங்க. ஒனக்கு மட்டும் கோவமா?"

"கோவம் இல்ல டீச்சர்" என்றான்.

"பின்ன இன்னா?"

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அவ குடுக்கலன்னு எல்லாரும் சொல்றீங்க. இன்னும் குடுக்கல, அவ்ளோதான். உடம்பு கெடைச்சுதா? கெடைக்கல. எங்கியாவது கரையேறி இருப்பான். பேரு சொல்லத் தெரியும், ஊரு சரியா சொல்ல வராது அவனுக்கு. கடலூர்ல அப்பா அம்மா இல்லாத புள்ளைங்கள ஒரு எடத்துல வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க, போயிப் பார்த்தேன். அங்க இல்ல. வேற எங்கியாவது இருப்பான். அவன் வந்ததும் இங்கேருந்து மீதிய நடப்பேன் டீச்சர், அவனைத் தோள்ல தூக்கி வச்சிட்டு. இப்பவே முழுசா நடந்துட்டா, முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும் இல்ல? பாக்கி இருந்தாத்தான் அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கும்."

இத்தனை நாள் அவன் காலை முன்னால் இழுத்துக்கொண்டு வந்தேனே, எங்கே இழுத்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஐந்து வயதுப் பிள்ளை கடலில் போய் எட்டு மாதமாகிறது, அவன் இருக்கமாட்டான் என்று என்னால் சொல்லியிருக்க முடியும். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, சொல்ல மனமும் இல்லை. தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைவர் மெல்ல வந்து, தன் பையிலிருந்த இரண்டு வாழைப்பழங்களை அவன் கையில் வைத்தார். "பஸ்ல குந்திட்டுப் போ. வெயில்ல நடக்காத" என்றார். அவர் எடை போடாமல் ஒரு பொருளைக் கொடுத்தது அன்றைக்குத்தான் என்று பிறகு நாங்கள் கேலி செய்தோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரே ஒரு மெழுகுவத்தியை எடுத்துக் கொடுத்தான். "பொண்ணுக்கு" என்றான். நான் வாங்கிக்கொண்டேன்.

மீதித் தூரம் நடந்ததே எனக்குச் சரியாக நினைவில்லை. சீர்காழி, காரைக்கால், நாகூர் எல்லாம் வந்துபோயின. வேளாங்கண்ணியில் கொடியேற்றக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போய், கோட்டக்குப்பத்து அம்மாவின் மெழுகுவத்திகளையும் அவன் பெண்ணுக்கான ஒன்றையும் ஏற்றினேன். மாதாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவன் பாக்கி வைத்திருக்கிறான், உனக்கு ஞாபகம் இருக்கா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பி இரண்டு நாளில் அவன் மனைவி கூடையோடு வந்தாள். அவனே சொல்லியிருப்பான், ஆனாலும் அவள் கேட்டாள்.

"முழுசா நடக்கல இல்ல டீச்சர்?"

"இல்லம்மா. பாலத்தோட நின்னுட்டாரு." பிறகு தயங்கித் தயங்கி, அவன் சொன்ன காரணத்தைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறோம் என்று நினைத்து, அவள் தாங்குவாளா என்று பயந்துகொண்டே சொன்னேன்.

அவள் கையில் இருந்த மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். சுரண்டி முடித்துக் கழுவி, துண்டு போட்டுச் சட்டியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர். அதனாலதான் முடிக்கச் சொன்னேன். தெனம் சாயங்காலம் ரோட்டுல போயி நிக்கறாரு. பஸ்ஸூ வந்தா எறங்கறவங்களப் பார்க்கறாரு. நானும் எத்தன நாளுக்குப் பார்க்கறது?"

நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போகிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு அவள் மீன் கொண்டுவருவாள், நான் வாங்குவேன். தை மாதம் அவன் கடலுக்குப் போக ஆரம்பித்தான் என்று சொன்னாள். கரைக்கு வந்ததும் ரோட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை என்றும் சொன்னாள்.

அடுத்த வருஷம், 2006இல், அனுமந்தையைத் தாண்டும்போது நான் சாலையோரம் முழுக்கத் தேடினேன். யாரும் இல்லை. மனதுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான், இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடலூரில் சாப்பாடு, சிதம்பரத்தில் படுக்கை, எல்லாம் வழக்கம்போல.

கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது. நாங்கள் நெருங்குவதற்குள் அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். அவன், அவன் மனைவி, பெண். மூன்று பேரும் புதுக் காவி உடுத்தியிருந்தார்கள். மனைவியின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து மெழுகுவத்திகள் எட்டிப் பார்த்தன.

தலைவர் நின்றுவிட்டார். நான்தான் முதலில் அவளிடம் போனேன். பஸ்ஸில் இருந்து நாலாவதாக யாரும் இறங்கவில்லை என்று தெரிந்தும் அதன் வாசலைப் பார்த்தேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"பையன் வரல டீச்சர்" என்றாள் அவள். "அதான் நாங்க வந்துட்டோம்."

அவன் சப்பரத்தைப் பிடிக்கப் போனான், பிறகு என்ன நினைத்தானோ, பிடிக்காமல் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எங்கள் ஆட்கள் யாரும் அன்று பாலத்தின்மேல் சத்தம் போடவில்லை. தலைவர் மட்டும் தேவைக்கு மேல் உரக்க ஜெபமாலையை ஆரம்பித்தார்.

போன வருஷம் அவன் நின்ற இடம் வந்தது. அங்கே அவன் கால் ஒரு நொடி தயங்கியது. இவனை முழுசாக நடக்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, கெஞ்சி, மிரட்டி, கத்தித் தீர்த்தவள் நான். இப்போது அவன் பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்து, வேண்டாம்பா, இங்கேயே நில், இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடத் துடித்தேன். அதற்குள் அவன் அந்த இடத்தைத் தாண்டிவிட்டான்.